டிக்கியில் இன்னொரு பேட்டரி

சென்னையில் 2024 நவம்பர் 26 அன்று மஹிந்திரா நிறுவனம் இரண்டு புதிய மின்சார கார்களை அறிமுகம் செய்தது. அந்த கார்களுக்கான ஒலிகளை அமைத்துத் தந்தவர் ஏ.ஆர். ரஹ்மான். மேல்ரகத்தில் 16 ஒலிபெருக்கிகள், 1,400 வாட் ஆடியோ. இவ்வளவையும் அந்த கார் தன் வழக்கமான மின்னமைப்பிலிருந்தே ஓட்டிக்கொள்கிறது. ஆடியோவுக்கென்று தனி பேட்டரி எதுவும் அதில் இல்லை.

வேறொரு மின்சார கார் வைத்திருப்பவர், கம்பெனி கொடுத்த ஆடியோ போதவில்லை என்று 1,000 வாட் ஆம்ப்ளிஃபயரும் 12 அங்குல சப்வூஃபரும் மாட்டப் போனால், கடையில் சொல்வது வேறு: "லோடு தாங்காது சார், டிக்கியில இன்னொரு பேட்டரி வச்சிடுவோம்." கேட்பவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. காரின் தரைக்கு அடியில் ஏற்கெனவே 45 யூனிட் மின்சாரம் கொள்ளும் பேட்டரி இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் அது ஏறக்குறைய பாதி. அவ்வளவு மின்சாரத்தைச் சுமந்து ஓடும் வண்டிக்கு ஒரு வூஃபரை ஆட்ட இன்னொரு பேட்டரி எதற்கு?

கடைக்காரர் சொல்வது முழுத்தவறு அல்ல. ஆனால் பெட்ரோல் காரில் பழகிய வழியிலேயே அந்த இரண்டாவது பேட்டரியை இங்கும் இணைத்தால், காரே நடுவழியில் நிற்கக்கூடும். மின்சார காரில் பற்றாக்குறை மின்சாரத்தில் இல்லை; அது வந்துசேரும் பாதையில் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால், இரண்டாவது பேட்டரி எப்போது வேண்டும், எப்போது வேண்டாம், வைத்தால் எப்படி வைக்க வேண்டும் என்ற மூன்றுக்கும் விடை கிடைத்துவிடும்.

ஒரு காருக்குள் இரண்டு மின்சாரம்

மின்சார காரில் ஒன்றோடொன்று கலக்காத இரண்டு மின்னமைப்புகள் இருக்கின்றன. ஒன்று, மோட்டாரை ஓட்டும் பெரிய பேட்டரி. பெரும்பாலான கார்களில் அதன் மின்னழுத்தம் 300 முதல் 400 வோல்ட் வரை. போர்ஷே டைகான், ஹூண்டாய் ஐயானிக் 5 போன்றவற்றில் 800 வோல்ட் வகை. இதன் இரண்டு முனைகளுமே காரின் உடலைத் தொடுவதில்லை. ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிள்களில் தனியாக ஓடுகிறது. எங்காவது கசிந்து உடலைத் தொட்டால் கண்டுபிடித்து எச்சரிக்கக் காவல் சுற்றும் உண்டு. மோட்டார், ஏ.சி. கம்ப்ரஸர், ஹீட்டர் போன்ற பெரும்பசிக்காரர்கள் இதில்தான் சாப்பிடுகிறார்கள்.

இன்னொன்று நமக்குப் பழக்கமான 12 வோல்ட். விளக்கு, வைப்பர், ஹாரன், கதவுப் பூட்டு, ஸ்டீயரிங், ஏர்பேக், கணினிகள், ஆடியோ எல்லாம் இதில். இதன் நெகட்டிவ் முனை காரின் உடலோடு இணைந்திருக்கும். மெக்கானிக்குகள் 'எர்த்' என்று சொல்வது அதைத்தான். 12 வோல்ட்டில் கை பட்டால் ஷாக் அடிக்காது என்பதும், உலகமெங்கும் கார் உதிரிபாகங்கள் இந்த மின்னழுத்தத்துக்கே செய்யப்படுகின்றன என்பதும் இது இன்னும் உயிரோடிருக்கக் காரணங்கள்.

காரில் உட்கார்ந்து பவர் பட்டனை அழுத்தியதும் கீழே எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். பெரிய பேட்டரியின் வாசலில் இருக்கும் கனத்த ரிலேக்கள் மூடிக்கொள்ளும் சத்தம் அது. காரை அணைத்து நிறுத்தியிருக்கும்போது அவை திறந்தே இருக்கும்; அதனால்தான் நிறுத்திய காரில் உயர் மின்னழுத்தம் பேட்டரிப் பெட்டியை விட்டு வெளியே வருவதில்லை. அந்த ரிலேக்களை இழுத்து மூட வைப்பது சின்ன 12 வோல்ட் பேட்டரிதான். ஆகவே அது இறங்கிப்போனால், பெரிய பேட்டரி நூறு சதவீதம் நிறைந்திருந்தாலும் கார் எழுந்திருக்காது.

பெட்ரோல் காரில் 12 வோல்ட் பேட்டரியின் முக்கிய வேலை செல்ஃப் எடுப்பது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்குச் சில நொடிகள் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேண்டும். மின்சார காரில் அந்த வேலை இல்லை. கணினிகளை எழுப்பினால் போதும். எனவே சிறிய பேட்டரியே வைக்கிறார்கள். டெஸ்லா 2021-ல் ஈய-அமில பேட்டரியைக் கைவிட்டு லித்தியம்-அயனுக்கு மாறியபோது வைத்த பேட்டரி 6.9 ஆம்பியர்-மணி, அதாவது 99 வாட்-மணி கொண்டது. லேப்டாப் பேட்டரிகளில் பெரியது அந்த அளவு இருக்கும்.

அகலமான தொட்டி, ஒடுங்கிய குழாய்

பெட்ரோல் காரில் 12 வோல்ட்டை நிரப்புவது ஆல்டர்னேட்டர். நம் ஊர் வழக்கில் டைனமோ. மின்சார காரில் அந்த இடத்தில் இருப்பது டிசி-டிசி கன்வெர்ட்டர் என்ற மின்னணுப் பெட்டி. 300, 400 வோல்ட்டை வாங்கி, சுமார் 14 வோல்ட்டாக இறக்கித் தருகிறது. கார்களில் இதன் திறன் பொதுவாக ஒன்றரை முதல் மூன்று கிலோவாட். 14 வோல்ட்டில் கணக்கிட்டால் 107 முதல் 214 ஆம்பியர். டைனமோவைப் போல இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்குவதில்லை. சிக்னலில் நிற்கும்போதும் முழுத் திறனையும் தரும். ஆனால் எல்லையைத் தாண்டி ஓர் ஆம்பியர்கூடக் கூடுதலாகத் தராது. மீறிக் கேட்டால் மின்னழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்னும் வற்புறுத்தினால் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும்.

மொட்டை மாடியில் பத்தாயிரம் லிட்டர் தொட்டி இருக்கலாம். குளியலறைக்கு வருவது அரை அங்குலக் குழாய் என்றால் ஒரே நேரத்தில் பத்து வாளி நிரம்பாது. அதற்காகத் தொட்டியைப் பெரிதாக்குவதில் பயனில்லை. குளியலறையிலேயே ஓர் அண்டாவை வைத்து, குழாய் மெல்ல நிரப்ப, வேண்டியபோது மொண்டு ஊற்றுவதே வழி. டிக்கியில் வைக்கும் பேட்டரி அந்த அண்டா. அது காருக்கு மின்சாரத்தைக் கூட்டுவதில்லை. திடீர்த் தேவையைத் தாங்குகிறது.

அந்தக் குழாயில் ஏற்கெனவே வேறு பலரும் நீர் எடுக்கிறார்கள். இரவு மழையில் விளக்கு, வைப்பர், காற்றூதி, குளிர்விப்பு விசிறி, நீர்ப்பம்புகள் எல்லாம் சேர்ந்து பல நூறு வாட் இழுக்கும். குறுகிய இடத்தில் வண்டியைத் திருப்பும்போது மின் ஸ்டீயரிங் சற்று நேரம் தனியாக ஒரு பெரும்பங்கு கேட்கும். மிச்சமிருப்பதுதான் ஆடியோவுக்கு.

பெட்டியில் போட்ட வாட், ஃபியூஸ் சொல்லும் வாட்

அப்படியானால் 1,000 வாட் ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு இழுக்கும்? முதலில் அது உண்மையிலேயே 1,000 வாட்தானா என்று பார்க்க வேண்டும். ஆம்ப்ளிஃபயர் பெட்டிகளில் '3000 வாட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதைத் திருப்பி, மின்கம்பி சேரும் பக்கத்தில் செருகியிருக்கும் ஃபியூஸ்களைப் பாருங்கள். 30 ஆம்பியரில் இரண்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 60 ஆம்பியரை 13.8 வோல்ட்டால் பெருக்கினால் 828 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான். அதில் 80 சதவீதம் ஒலிபெருக்கிக்குப் போகும் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் 660 வாட். மூவாயிரம் என்பது ஏதோ ஒரு கணத்து உச்சத்தை வைத்துப் போட்ட விளம்பர எண். தொடர்ந்து தரக்கூடிய ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு என்பதை ஃபியூஸ் காட்டிக்கொடுத்துவிடும்.

நிஜமான 1,000 வாட் ஆர்.எம்.எஸ். என்றே கொள்வோம். ஆம்ப்ளிஃபயரின் வகை இங்கே முக்கியம். பழைய ஏபி வகையில் டிரான்சிஸ்டர்கள் பாதி திறந்த குழாய்போல் வேலை செய்வதால், உள்ளே போகும் மின்சாரத்தில் கணிசமான பகுதி வெப்பமாகிவிடும். டி வகையில் டிரான்சிஸ்டர்கள் நொடிக்கு லட்சக்கணக்கான முறை முழுதாகத் திறந்து முழுதாக மூடுகின்றன, வீணாவது குறைவு. செயல்திறன் ஏபி வகையில் 55 சதவீதம், டி வகையில் 80 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால், முழு 1,000 வாட்டுக்கு 13.5 வோல்ட்டில் ஏபி வகை 135 ஆம்பியர் இழுக்கும். டி வகை 93 ஆம்பியர்.

93 ஆம்பியர் என்பது பயமுறுத்தும் எண்தான். ஆனால் பாட்டு என்பது ஒரே மட்டத்தில் ஓடும் சத்தம் அல்ல. தவில் அடி விழும் கணத்தில் உச்சம்; அடுத்த அடி வரும்வரை தணிவு. ஆம்ப்ளிஃபயர்களின் பாதுகாப்புச் சோதனைகளில், சாதாரண இசைக்கு முழுத்திறனில் எட்டில் ஒரு பங்கு என்பதே வழக்கமான சராசரிக் கணக்கு. அதன்படி நம் 1,000 வாட் டி வகை ஆம்ப்ளிஃபயர் சராசரியாக இழுப்பது 12, 13 ஆம்பியர்தான். இடைவிடாமல் பேஸ் அதிரும் நடனப் பாட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தாலும் 31 ஆம்பியர். உச்சம் 93, சராசரி 13 முதல் 31. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் இரண்டாவது பேட்டரி நிரப்ப வேண்டிய இடம். கம்பெனியிலேயே 1,400 வாட் ஆடியோவோடு வரும் காருக்கு அது தேவைப்படாததற்கும் காரணம் இதுதான்: மொத்த மின்னமைப்பையும் வடிவமைத்தவர்களுக்குக் கன்வெர்ட்டரின் எல்லை தெரியும், ஒலியின் உச்சங்களை எங்கே நிறுத்த வேண்டும் என்பதை மென்பொருளிலேயே எழுதிவிட முடியும்.

ரேஞ்ச் குறைந்துவிடுமோ என்ற கவலை பலருக்கு உண்டு. சராசரியாக 170 வாட் இழுக்கும் ஆடியோ, இரண்டு மணி நேரப் பயணத்தில் தின்பது 0.34 யூனிட். கிலோமீட்டருக்கு 0.13 யூனிட் எடுக்கும் காரில் அது இரண்டரை கிலோமீட்டர் தூரத்துக்குச் சமம். நடனப் பாட்டாகவே போட்டாலும் ஆறரை கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். ஏ.சி. இதைவிட அதிகம் எடுக்கும்.

வாட்டைக் கூட்டினால் சத்தம் அதே அளவில் கூடுவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 500 வாட்டை 1,000 ஆக்கினால் கூடுவது 3 டெசிபெல். காது அதைச் சிறு வித்தியாசமாகவே உணரும். இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்ற 10 டெசிபெல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. அதே வாட்டில் 3 டெசிபெல் கூடுதலாகத் தரும் ஒலிபெருக்கியைத் தேர்ந்தெடுத்தால், பாதி ஆம்ப்ளிஃபயரில் வேலை முடிந்துவிடும். பேஸ் ஒலிக்கு மட்டும் இத்தனை வாட் ஏன் என்றால், 40 ஹெர்ட்ஸ் போன்ற அடிநாதங்களில் நம் காது மந்தம். மெல்லிய ஒலிகளில், நடுநாதத்துக்குச் சமமாகக் கேட்க 40 டெசிபெலுக்கு மேல் கூடுதல் அழுத்தம் வேண்டும். மேலும் அதிர்வெண் பாதியானால், அதே அழுத்தத்துக்கு வூஃபரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போக வேண்டும். அந்தக் காற்றைத் தள்ளத்தான் இத்தனை மின்சாரமும்.

கெபாசிட்டரா, ஒயரா?

உச்சத்தைத் தாங்க பேட்டரிக்குப் பதில் கெபாசிட்டர் வைக்கலாமே என்பார்கள். நீல விளக்கு எரிய, வோல்ட் காட்டும் எண்ணோடு '1 ஃபாரட்' உருளைகள் ஆடியோ கடைகளில் விற்கின்றன. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 14 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்கும்போது 1 ஃபாரட் கெபாசிட்டர் தரும் ஆற்றல் 26 ஜூல். நம் ஆம்ப்ளிஃபயர் முழு உச்சத்தில் இழுப்பது நொடிக்கு 1,250 ஜூல். ஆக அந்த உருளை தாங்கும் நேரம் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரே ஓர் அலை முடியவே அதைவிடச் சற்று அதிக நேரம் ஆகும். 3,000 ஃபாரட் சூப்பர் கெபாசிட்டர்கள் ஆறைத் தொடராக இணைத்தால் 500 ஃபாரட் கிடைக்கும். அது 13,000 ஜூல் தரும். பத்து நொடிக்கு மேல் தாங்கும். இதை அண்டா என்று ஒப்புக்கொள்ளலாம். கார் ஓடும்போது மட்டும் பாட்டுக் கேட்பவருக்கு இதுவே போதும். ஆனால் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் பாட்டுப் போட இது உதவாது.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒயர். முன்பக்கத்து பேட்டரியிலிருந்து டிக்கி வரை ஐந்து மீட்டர் செப்புக் கம்பி. அது 6 ஸ்கொயர் (6 சதுர மி.மீ. குறுக்குப்பரப்புள்ள) கம்பியாக இருந்தால் அதன் மின்தடை 14 மில்லி ஓம். 93 ஆம்பியர் ஓடும்போது 1.3 வோல்ட் வழியிலேயே தொலையும். கம்பி 124 வாட் வெப்பத்தைக் கக்கும். அதையே 25 ஸ்கொயர் ஆக்கினால் இழப்பு 0.3 வோல்ட், வெப்பம் 30 வாட். ஆம்ப்ளிஃபயர்களில் பலவும் மின்னழுத்தம் குறைந்தால் அதன் இருமடிக்கேற்பத் திறன் இழக்கும் வகை. 14 வோல்ட் 12 ஆகும்போது கால் பங்குக்கு மேல் வாட் காணாமல் போகும். "பேஸ் அடிக்கும்போது பம்முது" என்று வரும் புகார்களில் இன்னொரு பேட்டரி கேட்பவை சில. நல்ல கம்பி கேட்பவை பல. அலுமினியத்தின்மேல் செம்புப் பூச்சுப் பூசிய மலிவுக் கம்பி பார்க்கத் தடிமனாக இருக்கும். மின்தடை சுத்தச் செம்பைவிட மிக அதிகம். நுனியைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை தெரிந்துவிடும்.

பழைய வழி இங்கே ஏன் செல்லாது

பெட்ரோல் காரில் இரண்டாவது பேட்டரியை இணைக்கும் வழி எளிது. முன் பேட்டரிக்கும் பின் பேட்டரிக்கும் நடுவில் ஒரு ரிலே. மின்னழுத்தம் 13.3 வோல்ட்டைத் தாண்டினால் இன்ஜின் ஓடுகிறது, டைனமோ நிரப்புகிறது என்று பொருள். ரிலே இரண்டையும் இணைக்கும். 12.8-க்குக் கீழே வந்தால் பிரித்துவிடும். இதையே மின்சார காரில் வைத்தால் மூன்று சிக்கல்கள்.

முதல் சிக்கல், ஆம்பியர் வெள்ளம். பாட்டுப் போட்டு இறங்கிப்போன லித்தியம் பேட்டரிக்கு உள்மின்தடை மிகக் குறைவு. ரிலே மூடிய கணத்தில், கம்பி, பேட்டரி, இணைப்புகள் எல்லாம் சேர்ந்து 10 மில்லி ஓம் மட்டுமே தடுக்கும் என்றால், 1.3 வோல்ட் வித்தியாசத்துக்கே 130 ஆம்பியர் பாயும். டைனமோ முனகிக்கொண்டே தாங்கும். கன்வெர்ட்டர் தன் எல்லையைத் தொட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். ஓடும் காரில் கன்வெர்ட்டர் நின்றால் 12 வோல்ட் பேட்டரி தனியாகத் தாங்கும் சில நிமிடங்கள்தான் மிச்சம். அதன்பின் ரிலேக்கள் திறந்து கார் நின்றுவிடும். இந்தப் பாதை அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு, ஆடியோவோடு சம்பந்தமில்லாத ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 12 வோல்ட்டை நிரப்பும் பெட்டி பழுதாகலாம் என்று 2024-ல் ஹூண்டாய் இந்தியாவில் 1,744 ஐயானிக் 5 கார்களைத் திரும்ப அழைத்துச் சரிபார்த்தது. பெரிய பேட்டரியில் சார்ஜ் இருந்தாலும் ஓட்டம் தடைப்படக்கூடும் என்பதே அந்த அழைப்பின் காரணம்.

இரண்டாவது சிக்கல், காரின் மனக்கணக்கு. மின்சார காரின் கன்வெர்ட்டர் எப்போதும் ஒரே மின்னழுத்தம் தருவதில்லை. பேட்டரி நிறைந்திருந்தால் குறைக்கும். நிறுத்தி வைத்த காரில் நள்ளிரவில் தானே விழித்து 12 வோல்ட்டை நிரப்பிவிட்டுத் தூங்கும். அந்த ஏற்ற இறக்கத்தில் ரிலே இணைவதும் பிரிவதுமாகக் குழம்பும். அதோடு, பல கார்களில் 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவ் முனையைப் பார்த்தால், கட்டைவிரல் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி கவ்விக்கொண்டிருக்கும். உள்ளே போகும், வெளியே வரும் ஒவ்வோர் ஆம்பியரையும் அது எண்ணிக் கணினிக்குச் சொல்கிறது. ஆம்ப்ளிஃபயரின் எர்த் ஒயரை நேராக பேட்டரி முனையிலேயே முடுக்கிவிட்டால், அந்த மின்சாரம் பெட்டியைத் தாண்டாமல் போய்விடும். பேட்டரி இறங்குவது காருக்குத் தெரியாது. எர்த்தை எப்போதும் காரின் உடலில், பெயின்ட்டைச் சுரண்டிய வெற்று உலோகத்தில் முடுக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

மூன்றாவது சிக்கல், '12 வோல்ட்' என்ற பெயரை நம்ப முடியாதது. டெஸ்லாவின் லித்தியம்-அயன் துணை பேட்டரியில் அச்சிட்டிருக்கும் மின்னழுத்தம் 15.5 வோல்ட். அதோடு ஈய-அமில பேட்டரியை நேராக இணைத்தால் அளவுக்குமேல் சார்ஜ் ஏறி வாயு கக்கும். நான்கு செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு 14.6 வோல்ட்தான் உச்சவரம்பு. அதன் காவல் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடும். 16 வோல்ட்டில் நின்றுபோகும்படி அமைத்த ஆம்ப்ளிஃபயருக்கும் இது விளிம்பு. எனவே ஸ்பேனரை எடுக்கும் முன்னால் மல்ட்டிமீட்டரை எடுக்க வேண்டும். கார் தூங்கும்போது, ஓடும்போது, சார்ஜ் ஏறும்போது என மூன்று நிலைகளிலும் அளக்காமல் எதையும் வாங்கக் கூடாது.

இதையெல்லாம் தவிர்க்கிறேன் என்று ஆரஞ்சு கேபிளில் நேராகக் கைவைக்க நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அது ஆளைக் கொல்லும் மின்னழுத்தம். அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடலாம்.

பொருந்தும் வழிகள்

ரிலேவுக்குப் பதிலாக வைக்க வேண்டியது, பேட்டரியிலிருந்து பேட்டரிக்கு நிரப்பும் டிசி-டிசி சார்ஜர். இந்தப் பக்கம் என்ன மின்னழுத்தம் வந்தாலும், அந்தப் பக்கம் பேட்டரிக்கு வேண்டியதை மட்டும் தரும். முக்கியமாக, இழுப்பதற்கு ஒரு வரம்பு உண்டு. 30 ஆம்பியர் சார்ஜர் வைத்தால், பின்னால் பேட்டரி காலியாக இருந்தாலும் வூஃபர் வெறித்தனமாக அதிர்ந்தாலும், காரின் கன்வெர்ட்டர் காண்பது அந்த முப்பதையும், சார்ஜரின் சொந்தச் செலவான சில ஆம்பியரையும்தான். 93 ஆம்பியர் உச்சத்தைப் பின் பேட்டரி தருகிறது. 31 ஆம்பியர் சராசரியைச் சார்ஜர் ஏறக்குறைய முழுதாக ஈடுகட்டுகிறது. முன்னே போட்ட கணக்கில் இரண்டு எண்களைப் பிரித்தது இதற்காகவே: சார்ஜரைத் தேர்ந்தெடுக்கச் சராசரி, பேட்டரியைத் தேர்ந்தெடுக்க உச்சம்.

இதைவிடவும் எளிய வழி ஒன்று உண்டு: காரோடு இணைக்காமலே விடுவது. 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி கொள்வது 1.28 யூனிட். சராசரி 170 வாட் என்றால் ஏழு மணி நேரத்துக்கு மேல் பாடும். இரவில் கார் சார்ஜ் ஏறும்போது, பக்கத்திலேயே ஒரு 230 வோல்ட் சார்ஜரை இதற்கும் சொருகிவிடலாம். காரின் 12 வோல்ட்டுக்கும் இதற்கும் பாசிட்டிவ் உறவே இல்லை. எர்த்தும், ஆம்ப்ளிஃபயரை எழுப்பும் மெல்லிய சிக்னல் கம்பியும் மட்டுமே பொது. காரின் கணினிக்கு இப்படியொரு பேட்டரி இருப்பதே தெரியாது. வெளியே 230 வோல்ட் தரும் வசதி காரிலேயே இருந்தால் பயணத்திலும் நிரப்பிக்கொள்ளலாம். ஐயானிக் 5 அப்படி 3.6 கிலோவாட் வரை தருகிறது. அது தயாரிப்பாளரே திறந்துவைத்த வாசல் என்பதால் கன்வெர்ட்டருக்குப் பாரமில்லை.

பேட்டரி வகையில், பயணிகள் உட்காரும் இடத்தோடு காற்று கலக்கும் டிக்கிக்குள் தண்ணீர் ஊற்றும் ஈய-அமில பேட்டரி கூடாது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும். மூடிய ஈய-அமில வகையான ஏஜிஎம் பரவாயில்லை. இன்று பலரும் தேர்ந்தெடுப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட். இதில் ஆக்சிஜன் அணுக்கள் பாஸ்பரஸோடு இறுகக் கட்டுண்டிருப்பதால், சூடேறினாலும் எளிதில் ஆக்சிஜனை விட்டுத் தீயை வளர்ப்பதில்லை. ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம். மின்னழுத்தம் கடைசிவரை பெரிதாக இறங்காது என்பதால் ஆம்ப்ளிஃபயருக்கும் பிடித்தது.

இந்த வேதியியலில் ஒரு தமிழர் கைவண்ணமும் உண்டு. மதுரையில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம், 1980-களில் ஜான் குட்இனஃபோடு சேர்ந்து, சல்ஃபேட் போன்ற பல்லணுத் தொகுதிகள் இரும்புச் சேர்மங்களின் மின்னழுத்தத்தை உயர்த்துகின்றன என்று காட்டினார். அந்தத் தடத்தில் சென்றுதான் 1997-ல் குட்இனஃபும், அவரோடு ஆய்வு செய்த பாதி (Padhi), நஞ்சுண்டசுவாமி ஆகியோரும் இரும்பு பாஸ்பேட்டை வெளியிட்டார்கள். குட்இனஃபுக்கு 2019-ல் லித்தியம்-அயன் பேட்டரிக்காக வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது, 97 வயதான அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரை ஆற்றியவர் மந்திரம்தான்.

எவ்வளவு நல்ல பேட்டரியும் ஷார்ட் ஆனால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் கக்கும். ஆகவே ஃபியூஸ் பேட்டரி முனையிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். இரண்டு பேட்டரிகளை இணைக்கும் கம்பி என்றால் இரண்டு நுனியிலும் ஒவ்வொன்று. இரு பக்கமும் மின்சாரம் இருக்கும்போது ஒரு பக்கம் மட்டும் ஃபியூஸ் போட்டால், நடுவில் கம்பி நைந்து உடலைத் தொட்டால் மறுபக்கத்து பேட்டரி அதைச் சிவக்கக் காய்ச்சிவிடும். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் ஏறும் சூடு லித்தியத்தின் ஆயுளைக் குறைக்கும். வெயில் நேராகப் படாத மூலையாகப் பார்த்து வைப்பது நல்லது. பத்துப் பன்னிரண்டு கிலோ எடையை போல்ட் போட்டு இறுக்காமல் விட்டால், ஒரு திடீர் பிரேக்கில் அது பின்சீட்டில் இருப்பவரைத் தேடி வரும்.

இதுவும் ஓர் இடைக்கால ஏற்பாடு

பாட்டுக் கேட்கக் காரில் தனி பேட்டரி வைப்பது நம் காலத்துப் புதுமை அல்ல. 1930-ல் பால் கால்வினின் நிறுவனம் மோட்டோரோலா என்ற பெயரில் கார் ரேடியோவை விற்றபோது, காரின் மின்சாரம் 6 வோல்ட். ரேடியோவின் வால்வுகளுக்கு நூறு வோல்ட் அளவில் தேவை. அன்றைய தீர்வு, காரின் தரைப்பலகைக்கு அடியில் தனியாக ஒரு பேட்டரித் தொகுதி. சில ஆண்டுகளுக்குள், 6 வோல்ட்டையே உயர் மின்னழுத்தமாக மாற்றும் வைப்ரேட்டர் சுற்று வந்தது. தரைக்கு அடியில் இருந்த பேட்டரிகள் மறைந்தன. 1950-களின் நடுவில் காரே 12 வோல்ட்டுக்கு மாறியது.

இப்போதும் அதே திசையில்தான் நகர்வு. 2023 நவம்பரில் விநியோகம் தொடங்கிய டெஸ்லா சைபர்டிரக்கில் துணை மின்னமைப்பு 48 வோல்ட். அதே வாட்டுக்கு ஆம்பியர் நான்கில் ஒன்று. அதே கம்பியில் இழப்பு பதினாறில் ஒன்று. நம் 93 ஆம்பியர் அங்கே சுமார் 23-ல் அடங்கிவிடும். இப்படிப்பட்ட கார்கள் பெருகி, அவற்றுக்கேற்ற ஆம்ப்ளிஃபயர்களும் கடைக்கு வரும்போது டிக்கி பேட்டரியின் தேவை பெருமளவு குறையும்.

அதுவரை இதைச் செய்ய விரும்புகிறவர் வரிசையை மாற்றாமல் செய்தால் போதும். முதலில் திறமையான ஒலிபெருக்கி, பிறகு டி வகை ஆம்ப்ளிஃபயர், பிறகு தடித்த செப்புக் கம்பி. அதன்பின் முழுச் சத்தத்தில் ஒரு பாட்டைப் போட்டு, ஆம்ப்ளிஃபயர் முனையில் மல்ட்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். ஒவ்வோர் அடிக்கும் 13 வோல்ட்டுக்குக் கீழே போகாவிட்டால் இரண்டாவது பேட்டரிக்குக் கொடுக்கவிருந்த பணம் மிச்சம். போனால் பேட்டரி வையுங்கள்; ஆனால் கார் விழித்தெழ நம்பியிருக்கும் அந்தச் சின்ன 12 வோல்ட்டின் பங்கில் கைவைக்காதபடி வையுங்கள்.